ஹாங்காங் மலைப்பாதைகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாங்காங் என்றதும் வானளாவிய கட்டடங்களை மட்டுமே எண்ணி வருபவர்களுக்கு, அதன் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள் என்பதும், மெட்ரோவில் இறங்கி ஒரு பேருந்து ஏறினால் மலையடிவாரத்துக்குப் போய்விடலாம் என்பதும் பெரும் வியப்பாக இருக்கும். அந்த எளிமையே ஆளை ஏமாற்றுகிறது. நல்ல காலணி, கைப்பேசியில் போதிய சார்ஜ் ஆகியவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே ஊரிலிருந்து வரும் நண்பர்களும் உறவினர்களும் செய்வதைக் காண்பதால், மற்றவற்றை எழுதுகிறேன்.

"நமக்கு வெயில் புதிதா?" என்று கிளம்புவது

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஹாங்காங்கின் ஜூலை, ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். சென்னைவாசிகளுக்கு இந்தப் புழுக்கம் பழக்கம்தான், ஆனால் சென்னையில் யாரும் உச்சிவெயிலில் மலை ஏறுவதில்லை.

100 கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லஹோஸ் பாதையின் இரண்டாம் பகுதி, லாங் கே கடற்கரையிலிருந்து தொடங்கி, 314 மீட்டர் உயரமுள்ள சாய் வான் மலையைக் கடந்து செல்கிறது. உறவினர் ஒருவர் ஓர் ஆகஸ்டு மாதத்தில், காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீருடன் அங்கு ஏறத் தொடங்கினார். நிழலே இல்லாத படிகளில் பாதி தூரம் ஏறியதும் பேச்சு குறைந்தது. அந்த வெயிலிலும் அவர் கையில் மயிர் குத்திட்டு நிற்பதைக் கண்டு நான் பதறிப்போனேன். அது வெப்பம் உடலைத் தாக்கத் தொடங்கியதன் அறிகுறி. குடையைப் பிடித்து, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, என் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, மறுபுறம் இருக்கும் சாய் வான் கடற்கரைக் கடைகள்வரை இறக்கிக் கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இடையில் இறங்கி வண்டி பிடிக்கச் சாலை எதுவும் அங்கே கிடையாது.

மே முதல் செப்டம்பர்வரை இத்தகைய திறந்த முகடுகளை விட்டுவிட்டு, ஷிங் முன் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மரநிழல் பாதையில் விடியற்காலையில் நடங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். வானிலை ஆய்வகம் கடும் வெப்ப எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மலை ஏற வேண்டும் என்பதற்காகவே வருபவர்கள், அக்டோபருக்குப் பின் பயணச்சீட்டு எடுப்பதே சரி.

திரும்பும் வழியைத் தீர்மானிக்காமல் செல்வது

மெக்லஹோஸ் பாதைக்குப் போகும் சாலையில் இருக்கும் பாக் டாம் சுங் தடுப்பைத் தாண்டி, அனுமதிச்சீட்டு இல்லாத தனியார் கார்கள் போக முடியாது. டாக்ஸி உங்களை, லாங் கே கடற்கரைக்கு அருகிலுள்ள நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணைவரை கொண்டுபோய் விடும். மாலையில் அங்கு இன்னொரு டாக்ஸி நிற்கும் என்று நம்பாதீர்கள்.

மழை எச்சரிக்கையைப் புறக்கணிப்பது

மழை எச்சரிக்கையின் முதல் நிலையான அம்பர் நிறம் அறிவிக்கப்பட்டாலே ஓடையோரப் பாதைகள் வேண்டாம், வெள்ளம் திடீரென வரும்.

குரங்குகள்

குரங்குகள் நிறைந்த கம் ஷான் பூங்காவில் கையில் பிளாஸ்டிக் பை கூடாது, தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்க வரும்.

தூரக் கம்பங்களைக் கவனிக்காமல் நடப்பது

நெடும்பாதைகளில் 500 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட கம்பங்கள் நிற்கின்றன. மெக்லஹோஸ் பாதையில் அந்த எண் 'எம்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும். ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 999-ஐ அழைக்க நேர்ந்தால், கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணைச் சொன்னால் மீட்புக் குழுவினர் தேடவேண்டிய தூரம் வெகுவாகக் குறையும்.