பழைய ரேஸ் சைக்கிளுக்கு டெரெய்லர் புல்லி வாங்கும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலோ, வீட்டுப் பரணிலோ ஒரு பழைய கியர் சைக்கிள் கிடைத்தால், பின் டெரெய்லரில் (கியர் மாறச் செயினை நகர்த்தும் பாகம்) இருக்கும் இரண்டு குட்டிப் புல்லிகளைப் பாருங்கள். பல் முள் மாதிரி கூராகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லித் தேடுவதைவிட அளவெடுத்துத் தேடுவதுதான் சரி. பல் எத்தனை என்று எண்ணுங்கள், பழையவற்றில் பெரும்பாலும் 10 இருக்கும். 11 பல் போட்டால் சிலதில் கேஜில், அதாவது புல்லிகளைப் பிடித்திருக்கும் தகடுகளில், உரசும். அப்புறம் வெர்னியர் அளவுகோலை எடுத்து போல்ட் நுழையும் துளையையும், கேஜின் இரு தகடுகளுக்கு நடுவே புஷ்ஷோடு (புல்லியின் நடுத்துளையில் இருக்கும் சிறு குழாய்) சேர்த்து உட்காரும் மொத்த அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை அகலத்தை அளக்காமல் வாங்கி, போல்ட்டை முறுக்கியதும் புல்லி அசையாமல் நின்றுவிட்டது, அந்தக் காசு வீண்.

மேல் புல்லியும் கீழ்ப் புல்லியும் ஒன்றல்ல. ஷிமானோவின் சென்டெரான் மேல் புல்லி பக்கவாட்டில் லேசாக நகரும், அது டிக் டிக்கென்று விழும் இன்டெக்ஸ் லிவருக்காக வந்தது. உங்களுடையது இழுத்த இடத்தில் நிற்கும் பழைய ஃபிரிக்‌ஷன் லிவர் என்றால் நகராத புல்லியே போதும், கியர் எங்கே விழுகிறது என்று கையில் தெளிவாகத் தெரியும்.

குன்றக்குடிப் பக்கம் ஓட்டிவிட்டு வந்து துடைத்துப் பாருங்கள், துணி செம்மண் நிறமாகிவிடும். அந்தத் தூசு புஷ்ஷுக்குள் போனால் கிறீச்சென்று கத்தும், அடிக்கடி கழற்றி எண்ணெய் விடவேண்டும். அதனால் கீழ்ப் புல்லிக்காவது தூசு புகாமல் மூடிய சீல் பேரிங் வைத்தது வாங்குங்கள். செராமிக் பேரிங் தேவையில்லை.

மாட்டியதும் செயினைப் போடுவதற்கு முன் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடவேண்டும்.