ஒரு டெமிஜான் பிரவுன் ஏல்: சமையலறையில் இருக்கிறதை வைத்துக் காய்ச்சுவது எப்படி

நான் இருக்கும் இங்கிலாந்து நியூகாசில் ஊரின் பெயரைத் தாங்கிய பிரவுன் ஏல் என்கிற பழுப்பு பீர் இப்போது இந்த ஊரில் காய்ச்சப்படுவதில்லை. 1927-ல் இங்கே தொடங்கியது, 2005-ல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்ஸ்ஹெட்டுக்குப் போனது, 2010-ல் யார்க்‌ஷயரில் இருக்கும் டாட்காஸ்டருக்கே போய்விட்டது. அந்தக் கடுப்பில் நானே காய்ச்ச ஆரம்பித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையில் விடுமுறையில் பொழுது போகவில்லை. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

அளவு ஒரு டெமிஜானுக்கு, அதாவது நாலரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குடுவைக்கு. மாரிஸ் ஆட்டர் (ஒரு பார்லி ரகம்) மால்ட் 900 கிராம், கிரிஸ்டல் மால்ட் (இனிப்பும் நிறமும் தருவது) 100 கிராம், ஃபகிள் ஹாப்ஸ் (கசப்பு தரும் உலர்ந்த பூ) 12 கிராம், கருப்பட்டி 60 கிராம், சஃபேல் எஸ்-04 என்ற ஏல் ஈஸ்ட் அரை பாக்கெட். பாத்திரம் 8 லிட்டர் போதும். தானியம் கட்ட நல்ல மஸ்லின் துணி, பனீர் வடிகட்டுகிற மாதிரி.

மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லிதான், நம் முளைகட்டிய கேழ்வரகு போல. பிரவுன் ஏலுக்குச் சாக்லேட் மால்ட், அதாவது சாக்லேட் நிறத்துக்கு வறுத்த மால்ட், வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் 900 கிராமிலிருந்து 150 கிராமை முழுத் தானியமாகவே எடுத்து, ஓவனில் 175 டிகிரியில் 40 நிமிடம் வறுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கிளறணும். வறுத்த கடலை வாசனை வந்து, கடித்துப் பார்த்தால் உள்ளே பிஸ்கட் நிறம் இருக்க வேண்டும். காகிதப் பையில் ஒரு வாரம் ஆறவிடுங்கள், உடனே போட்டால் புகைக் காட்டம் அடிக்கும். நிறம் கடை ஏல் அளவுக்குக் கருக்காது, செம்புக்கும் பழுப்புக்கும் நடுவே நிற்கும். எனக்கு அது போதும்.

அப்புறம் எல்லாத் தானியத்தையும் மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிக் குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். உமி பிரியணும், மாவாகக் கூடாது. மாவானால் துணிக்குள் கூழ்தான்.

இனி நான் சறுக்கிய இடம். குறைந்த அளவு என்றால் வேலை சுலபம் என்று நினைத்துவிட்டேன். 5 லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்கி, துணிக்குள் தானியத்தைக் கொட்டிக் கலக்கினால் 67-ல் வந்து நிற்கும், அதே சூட்டில் ஒரு மணி நேரம் ஊறணும். மூடி போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன், திரும்பி வந்தபோது 59. இருபது லிட்டர் அண்டா சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஐந்து லிட்டர் அப்படியே விட்டுவிடும். சூடு 65-க்குக் கீழே இறங்கினால் மாவுச்சத்தை உடைக்கிற என்சைம்களில், ஈஸ்ட் முழுசாகத் தின்றுவிடக்கூடிய சர்க்கரையைச் செய்கிற வகையின் கை ஓங்கிவிடும். 67, 68-ல்தான் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையும் கொஞ்சம் மிஞ்சும், வாயில் கனம் தருவது அதுதான். என் முதல் ஏல் தண்ணீர் விட்ட கஷாயம் மாதிரி இருந்தது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஓவனை 70-க்குச் சூடாக்கி அணைத்துவிட்டு, பாத்திரத்தை மூடியோடு உள்ளே வைத்துவிடுகிறேன் (பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத பாத்திரம்!). ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிதான் இறங்குகிறது. ஓவன் இல்லாவிட்டால் கம்பளி சுற்றுங்கள். இறங்கிவிட்டால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், அடியில் துணி கருகும்; கொதிநீர் ஒரு கரண்டி விட்டுக் கலக்குங்கள். கலக்கிவிட்டுத்தான் அளக்கவும் வேண்டும், மேலே ஒரு சூடு அடியில் ஒரு சூடு இருக்கும். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், கண்ணாடிக் குழாய் வேண்டவே வேண்டாம், என்னுடையது பாத்திரத்துக்குள்ளேயே உடைந்தது.

துணியைத் தூக்கி வடித்து, 75 டிகிரித் தண்ணீர் இரண்டரை லிட்டரை அதன் மேல் ஊற்றிக் கழுவினால் ஆறரை லிட்டர் சேரும். கொதி வந்ததும் ஹாப்ஸ், ஒரு மணி நேரம். முதல் பொங்கலுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், பால் பொங்குவதைவிட மோசம். கடைசிப் பத்து நிமிடத்தில் கருப்பட்டி: வெந்நீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்றணும், மண் இருக்கும்.

ஐஸ் போட்ட சிங்க்கில் பாத்திரத்தை இறக்கினால் சின்ன அளவு என்பதால் அரை மணிக்குள் 20 டிகிரிக்கு வந்துவிடும். இதற்குப் பிறகு வோர்ட்டை, அதாவது இந்த மால்ட் சாற்றை, தொடுகிற எதுவும் ஸ்டார் சான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும், நான் பிளீச் பக்கமே போவதில்லை. குடுவையில் கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு ஊற்றி, நன்றாகக் குலுக்கி, 5 கிராம் ஈஸ்ட்டைத் தூவி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டுங்கள். 18 முதல் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல், இரண்டு வாரம்.

என் கணக்கில் ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதை அடர்த்தியை வைத்துக் காட்டும் மிதவை) 1.049-ல் ஆரம்பித்து 1.011-ல் நின்றது, சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ரெண்டு சொட்டிலேயே அளந்துவிடும், சின்ன அளவுக்குக் கவர்ச்சிதான், ஆனால் ஆல்கஹால் உருவான பின் அது காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

பாட்டிலில் அடைக்கும்போது வாயு ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றியது. முதல் தடவை சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது, அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறியது தெரியும். இரண்டு வாரம் அறைச் சூட்டில், அப்புறம் ஃபிரிட்ஜ்.

பின்சேர்க்கை: ஏர்லாக்கில் குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்தேன், இரண்டு வெடித்துவிட்டன என்று ஒருவர் எழுதியிருந்தார். குமிழியை நம்பாதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால்தான் அடைக்கணும். குளிர்ந்த வீட்டில் 1.020-லேயே ஈஸ்ட் படுத்துவிடுவது உண்டு. குடுவையை மெதுவாகச் சுழற்றி, கொஞ்சம் வெதுவெதுப்பான அலமாரிக்கு மாற்றி, இன்னொரு வாரம் விடுங்கள்.

இன்னொன்று: கருப்பட்டி 200 கிராம் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ஈஸ்ட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, போதையைக் கூட்டி வாயில் தெரியும் கனத்தைக் குறைத்துவிட்டது, மறுபடி அதே கஷாயம்.