மட்டக்களப்புக் கல்லடி மணலுக்கு இணையத்தில் கன்று வாங்குவது

இணையத்தில் மரக்கன்று விற்கிறவர்கள் காட்டுவதெல்லாம் பழத்தைத்தான். குலைகுலையாய்த் தொங்கும் ரம்புட்டான், ஒரு கையில் அடங்காத மாம்பழம். அது எந்த நாட்டு மரத்தில் காய்த்ததோ, யார் கண்டது? நம் வீட்டுக்கு வரப்போவது ஒரு கறுப்புப் பொலித்தீன் பையும் அதில் நிற்கும் ஒரு குச்சியும். அதனால் வாட்ஸ்அப்பில் நான் முதலில் கேட்பது, "தம்பி, பையின் அடியிலிருந்து கன்றின் நுனிவரை தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள்" என்பதுதான். சாக்குச் சொல்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

படம் வந்ததும் தண்டின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டுக்கன்று, அதாவது ஒரு அடிக்கன்றின் மேல் நல்ல மரத்தின் கிளையை ஒட்டி வளர்த்தது என்றால், மண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் ஒட்டின அடையாளம் இருக்கும். தண்டு அந்த இடத்தில் சற்றுப் புடைத்து, மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாகத் தெரியும். சில வேளை நாடாவும் சுற்றியிருக்கும். அதற்கு மேலே வந்த துளிர் முற்றிப் பச்சை பிடித்திருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. கீழேயிருந்து கிளைத்துச் செழித்திருந்தால் அது அடிக்கன்றின் இலை, அதற்கு மயங்காதீர்கள். மாங்கன்றில் அந்த அடையாளமே இல்லாவிட்டால் அது பெரும்பாலும் விதைக்கன்று. கறுத்தக் கொழும்பான் என்றும் விலாட் என்றும் நல்ல மா இனத்தின் பெயரெழுதிச் சீட்டுக் கட்டிவிட்டால் விதைக்கன்று ஒட்டுக்கன்றாகிவிடாது. கன்று ஆளுயரம், பை மட்டும் சின்னது என்றாலும் வேண்டாம். வேர் உள்ளே வளையம் போட்டிருக்கும்.

அடுத்தது நம் மண். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிடும். ரம்புட்டான் மல்வானைப் பக்கத்து ஈரத்தில் வளர்கிற மரம். இந்தக் காற்றில் அதன் இலையோரம் கருகும். ஒட்டில்லாத கன்றாக இருந்து ஆண் மரமாகிவிட்டால் காயும் இல்லை. ஆனைக்கொய்யாவுக்கு (அவகாடோ) உப்பு அறவே ஆகாது. விற்கிறவர் "எங்கும் வளரும் அம்மா" என்றுதான் சொல்லுவார். அவர் வியாபாரம் அது. மரமுந்திரிகை, மாதுளை, கொய்யா, சப்போட்டா, மா இவற்றை நம்பி வாங்கலாம். தேசிக்கன்று வைப்பதானால் கிணறு நன்னீராக இருக்கட்டும்.

தென்னங்கன்றை மட்டும் முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். தெற்கே வெலிகம தென்னை இலை வாடல் நோய் இருக்கிறது. அந்தப் பகுதிகளிலிருந்து கன்றுகளை வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டு. தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையிடம் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

பூஞ்செடிகளில் செவ்வரத்தை, காகிதப்பூ, குரோட்டன் மூன்றையும் காசு கொடுத்து வாங்குவது வீண் செலவு. என் மருமகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பக்கத்து வளவில் கேட்டு, முற்றிய தண்டு ஒன்றை மாரி தொடங்கும்போது ஊன்றினால் தானே வேர்விடும்.

கன்றை எடுப்பிக்க நல்ல காலம் ஐப்பசி. முதல் மழையில் வைத்தால் கச்சான் வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு முழுக்கக் கூரியர் களஞ்சியத்தில் இருட்டில் அவியும். நடுவில் போயா விடுமுறை வந்தால் இன்னும் மோசம். எடையைக் குறைக்க மண்ணை உதறி வேரைத் தும்புத்தூளில் சுற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாங்கன்றுக்கு அது ஆகாது. "மண்ணோடு, பையோடு அனுப்புங்கள், கூலி கூடினாலும் தருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். பணம் கன்று கைக்கு வந்த பிறகு.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு படம், பிரித்ததும் ஒரு படம். கன்று முறிந்திருந்தால் அந்தப் படங்களை விற்றவருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். மறுவாரம் சொன்னால் நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்பார்கள். கன்றை உடனே நட வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் மர நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். பையிலேயே பிஞ்சு தொங்கினால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள்.

மாவுக்கு மூன்று அடி நீளம், அகலம், ஆழத்தில் கிடங்கு வெட்டுங்கள். நம் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கினால் அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலே மக்கிய சாணமும் கூட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். மார்கழியில் வெள்ளம் நிற்கிற வளவானால் மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். பொலித்தீனைக் கிழித்து எடுத்த பிறகே நட வேண்டும். ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நாடா தண்டை இறுக்கத் தொடங்கினால் பிளேட்டால் மெதுவாகக் கீறி எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரைக் கண்டவுடன் விரலால் உரித்துவிடுங்கள். சுற்றிப் பழைய மீன்வலையோ பனைமட்டையோ கட்டுங்கள். நம் தெரு ஆடுகளுக்கு ஒட்டுக்கன்று, விதைக்கன்று என்ற பேதமே கிடையாது.