கமிட்டில் கசியும் மின்னஞ்சலை மறைப்பது எப்படி?

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் செயற்றிட்டத்தைக் கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் இணையத்தளம்) பகிரங்கமாகப் போட்டால், ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது ‘கிட்’ மென்பொருள் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும், நிரலோடு பெயர், மின்னஞ்சல், நேரம், நேரவலயம் எல்லாம் சேர்ந்தே போகும். கமிட் இணைப்பின் கடைசியில் ‘.பேட்ச்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்து பாருங்கள். ‘ஃப்ரம்’ வரியில் முகவரி அப்படியே நிற்கும்.

கிட்ஹப் அமைப்புகளில் ‘ஈமெயில்ஸ்’ பக்கத்தில், மின்னஞ்சலை மறைக்கும் தெரிவை இயக்குங்கள். எண், கூட்டல் குறி, பயனர்பெயர் என்று தொடங்கும் ‘நோரிப்ளை’ முகவரி (உண்மை முகவரிக்குப் பதிலாகக் காட்டுவது) ஒன்று அங்கே கிடைக்கும். அதை உங்கள் கணினியிலும் ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில்’ கட்டளையால் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: இணையத்தளத்தில் போட்ட தெரிவு, கணினியில் செய்த கமிட்டைத் தொடாது. முகவரி வெளிப்படும் புஷ்ஷை (கமிட்டுகளைக் கிட்ஹப்புக்கு அனுப்புவதை) தடுக்கும் தெரிவும் அதே பக்கத்தில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

ஆய்வுகூடத்துக் கணினியென்றால் ‘யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி’ என்ற கிட் அமைப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் கிட் கணினிப் பெயரைக் கொண்டு ஒரு முகவரியைத் தானே ஊகித்து எழுதிவிடக்கூடும்.

நேரவலயமாகத் தெரியும் +0530 இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொது. பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

பழைய கமிட்டுகளை ‘ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியால், மெயில்மேப் கோப்பு (பழைய முகவரிக்கு எந்தப் புதிய முகவரி என்ற பட்டியல்) கொடுத்துத் திருத்தலாம். ஹேஷ்கள் (கமிட்டுகளின் அடையாள எண்கள்) மாறும், ஃபோர்ஸ் புஷ் செய்து கிட்ஹப்பில் உள்ளதை மேலெழுத வேண்டிவரும், குழுவினர் புதிதாகக் குளோன் (தங்கள் கணினிக்கு முழுப் பிரதி) எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஃபோர்க் (தங்கள் கிட்ஹப் கணக்கில் பிரதி) எடுத்தவர்களிடம் பழைய முகவரி இருக்கத்தான் செய்யும்.