கறவை மாட்டுக்கு ஹார்மோன் ஊசி: கேட்கவேண்டியதும் செய்யவேண்டியதும்

கறவை கூடுமென்று சொல்லி எவரேனும் ஊசி மருந்தைக் கட்டுத்தரைக்குக் கொண்டுவந்தால், அது எந்த ஹார்மோன் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பால் உற்பத்தியைப் பெருக்கும் வளர்ச்சி ஹார்மோன் வேறு, மடியில் சுரந்திருக்கும் பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் வேறு. முன்னதை அமெரிக்கா 1993இல் அனுமதித்தது. அந்தப் பால் மனிதருக்குப் பாதுகாப்பானது என்றது. மடிநோயும் கால்நொண்டலும் மாடுகளுக்குக் கூடுவதைக் காட்டிக் கனடா 1999இல் அனுமதி மறுத்தது. பாலைக் குடிப்பவரின் நலமும் மாட்டின் நலமும் ஒரே கேள்வியல்ல.

கொங்குப் பகுதியில் நாம் கவனிக்கவேண்டியது பெரும்பாலும் ஆக்ஸிடோசினையே. ஈன்ற மாட்டுக்குத் தேவையென மருத்துவர் கருதிப் போடுவது சிகிச்சை. அன்றாடம் கறவைக்கு முன் போடுவது அப்படியன்று. பாலைப் பெருக்க மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதை, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 12ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

ஊசியில்லாமலே பால் இறங்கும். வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, காம்புகளை மெல்ல நீவிவிட்டால், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மாட்டின் சொந்த ஆக்ஸிடோசினே வேலை செய்யும். அதன் வேகம் சில நிமிடங்களே நிற்பதால் இடையில் எழாமல் கறந்து முடிக்க வேண்டும். அடியும் அதட்டலும் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோனைக் கிளப்பிப் பாலை அடக்கிவிடும் (கறவைக்காரர் அடிக்கடி மாறினாலும் மாடு மிரளும்). முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் மருத்துவரை அழையுங்கள். ஏற்கெனவே ஊசிக்குப் பழகிய மாட்டையும் அவருடைய ஆலோசனைப்படியே மீட்டெடுக்க வேண்டும்.