பேட்டில் ஆஃப் பிரிட்டன் சிம் ஆட ஆரம்பிக்கிறீங்களா? முதல்ல ஹரிக்கேன்ல ஏறுங்க

1940ல பிரிட்டன் வானத்துல பிரிட்டிஷ்காரங்களும் ஜெர்மன்காரங்களும் போட்ட விமானச் சண்டைதான் பேட்டில் ஆஃப் பிரிட்டன். அத நாமளே ஓட்டிப் பாக்குற கம்ப்யூட்டர் கேம்தான் கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் பிளிட்ஸ். அது ஸ்டீம்ல சேல் வந்தா போதும், நம்ம சிங்கப்பூர் பசங்க நிறைய பேர் வாங்கிடுறாங்க. வாங்கின கையோட ஸ்பிட்ஃபயர்ங்கிற பிரிட்டிஷ் சண்டை விமானத்துல ஏறி, ரன்வேக்குப் போறதுக்குள்ளயே இன்ஜின சூடாக்கி நாசம் பண்ணிட்டு, இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு அன்இன்ஸ்டால் பண்ணிடுறாங்க. சுடுறது இந்த கேம்ல ரொம்ப சின்ன வேலைங்க, இன்ஜினப் பாத்துக்கிறதும் சுத்தி சுத்தி பாக்குறதும்தான் பெரிய வேலை.

கீபோர்ட் மௌஸ் வச்சு சமாளிச்சுடலாம்னு நினைக்காதீங்க. திருகுற மாதிரி, அதாவது ட்விஸ்ட் இருக்கிற ஜாய்ஸ்டிக் ஒண்ணு வேணும், கரோசல்ல செகண்ட்ஹேண்ட் தேடுங்க, இல்லன்னா சிம் லிம் ஸ்குவேர்ல ஒரு ரவுண்ட் போங்க. காலால மிதிக்கிற ரடர் பெடல் வாங்க காசு சேத்து வச்சிருந்தீங்கன்னா அத ஹெட் டிராக்கிங்ல, அதாவது தலைய திருப்பினா கேம்லயும் பார்வை திரும்புற கருவியில, போடுங்க, எச்டிபி அடுக்குமாடி வீட்டு ரூம்ல மேசைக்கடியில பெடலுக்கு இடம் ஏது லா.

ஹரிக்கேனும் பிரிட்டிஷ் சண்டை விமானம்தான். ஏன் அதுன்னு கேட்டா, அதோட சக்கரம் ரெண்டும் நல்லா அகலமா இருக்கும், ஸ்பிட்ஃபயருக்கும் ஜெர்மன்காரங்களோட மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கும் குறுகல், லேண்ட் பண்றப்போ ஒரு பக்கமா சாயும். அதோட ஸ்பிட்ஃபயர் ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில சக்கரத்து கால் மறைக்கிற மாதிரி இருக்கிறதால தரையில கொஞ்ச நேரம் நின்னாலே கொதிச்சுடும், ஹரிக்கேனுக்கு அது நடு வயித்துல, ப்ரொப்பெல்லர் காத்து நல்லா படும். லிஸ்ட்ல ரோட்டால் கம்பெனி ப்ரொப்பெல்லரும் 100 ஆக்டேன் பெட்ரோலும் உள்ள ஹரிக்கேன எடுங்க. ஓல்ட் ஏர்போர்ட் ரோடுன்னு பேர் வரக் காரணமான அந்த காலாங் ஏர்போர்ட்லேர்ந்து 1942ல ஜப்பான்காரங்கள எதிர்த்துப் பறந்ததும் இதே ஹரிக்கேன்தான், ஆனா இங்க வந்து சேர்ந்தப்போ காலம் கடந்துபோச்சு.

ரேடியேட்டர முழுசா தெறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, கூலன்ட் 60 டிகிரி தொடுற வரைக்கும் பொறுங்க. த்ராட்டில மெதுவா தள்ளுங்க, மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது ரடர், அதாவது வால்ல இருக்கிற திருப்புற பலகை, கொடுத்து நேராக்கணும். டேக் ஆஃப்புக்கு 3000 ஆர்பிஎம், சக்கரத்த மடக்கினதும் 2600க்கு இறக்கிடுங்க. 12 பவுண்டு பூஸ்ட், அதாவது இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி ஏத்துற உச்ச பவர், சண்டைக்கு மட்டும்தான், அதுவும் 5 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் ரெண்டுலயும் இருக்கிற மெர்லின் இன்ஜினுக்கு ஃப்ளோட் வச்ச கார்புரேட்டர், ஸ்டிக்க முன்னாடி தள்ளி மூக்க டக்குனு கீழ குத்தினீங்கன்னா நெகட்டிவ் ஜி வந்து, அதாவது எல்லாம் மேல தூக்கப்பட்டு பெட்ரோல் சரியா போகாம, இன்ஜின் ஒரு நொடி செத்துப்போகும். 109ல இருக்கிற டைம்லர் பென்ஸ் இன்ஜினுக்கு ஃபியூல் இன்ஜெக்ஷன், அந்த பிரச்சினையே கிடையாது. அதனாலதான் நீங்க அவன் பின்னாடி ஒட்டிக்கிட்டா உடனே மூக்க கீழ தள்ளி ஓடிடுவான், நீங்களும் தள்ளினா போச்சு. அப்படியே விமானத்த தலைகீழா உருட்டி, ஸ்டிக்க உங்க பக்கம் இழுத்து கீழ இறங்குங்க, இன்ஜின் நிக்காது. இத எதிரியே இல்லாத காலி வானத்துல கை தானா செய்யுற வரைக்கும் பழகுங்க. ஆனாலும் டைவ்ல 109ஐ பிடிக்கிறது கஷ்டம், விட்டுடுங்க, உங்க பலம் வளையுறதுலதான், அவன் திரும்பி சுத்த ஆரம்பிச்சா ஜாலி.

குண்டு மொத்தமா பட்டன அமுக்கிட்டே இருந்தா 15 செகண்ட் வரும், அவ்வளவுதான். எட்டு துப்பாக்கியும் ஒரே இடத்துல சேர்ற தூரத்த, கன்வெர்ஜன்ஸ்னு செட்டிங்ல இருக்கும், 250 கஜம் கிட்ட வைங்க, மலான் மாதிரி அந்த காலத்து பைலட்டுங்களும் அத நெருக்கமாத்தான் வச்சாங்க. கண்ணாடி முழுக்க எதிரி நிறைஞ்ச பிறகு ரெண்டு செகண்ட் சுட்டுட்டு விலகிடுங்க. ஹெய்ன்கல் 111 மாதிரி பாம்பர் வந்தா நேர் பின்னாடி ஒட்டிக்கிட்டே போகாதீங்க, கன்னர் உங்க ரேடியேட்டர ஓட்டை போட்டுடுவான், பக்கவாட்டுலயோ முன்னாடியோ வந்து அடிங்க.

லேண்டிங்குக்கு சக்கரமும் ஃப்ளாப்பும் 120 மைல் வேகத்துக்கு கீழ வந்தப்புறம் இறக்கி, 95 கிட்ட இறங்கி வந்து, வேகத்த இன்னும் குறைச்சு புல்தரையத் தொடுங்க, பிரேக்க ஒரேயடியா அழுத்தினா மூக்கு குத்தும்.

ஆன்லைன் ஆடணும்னா ஐரோப்பாவுல சாயங்காலம் ஆகுறப்போ நமக்கு நடுராத்திரி தாண்டிடும், ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. மறுநாள் ரிசர்விஸ்ட் (ராணுவ ரிசர்வ் பயிற்சி) இருந்தா அன்னிக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்க.