முன்வாய்த் துப்பாக்கிக்கான துணி வில்லை மசகு: வீட்டிலேயே தயாரிக்கும் முறை

குழலின் வாய்வழியாகவே மருந்தும் குண்டும் திணிக்கப்படும் முன்வாய்த் துப்பாக்கியில் ஈயக் குண்டைச் சுற்றிக் குழலுக்குள் இறங்கும் துணி வில்லைக்கு மசகு தடவுவது, குண்டு எளிதாக வழுக்கி இறங்குவதற்காக மட்டும் அன்று. இவ்வகைத் துப்பாக்கியில் பயன்படும் பழைய வகை வெடிமருந்தான கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திடக் கசடாக மிஞ்சும். அந்தக் கசடு குழலில் இறுகிவிடாமல் இளக்கமாக வைத்திருப்பதே மசகின் முதன்மையான வேலை என்பதால், பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை கருமருந்துக் கசடுடன் சேர்ந்து தார்போலப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில், 25 கிராம் தேன்மெழுகையும் 75 கிராம் ஆலிவ் எண்ணெயையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்குப் பதிலாக உருக்கி வடிகட்டிய ஆட்டுக்கொழுப்பையும் சேர்க்கலாம். ஆனால் அதில் உப்பு சிறிதும் இருக்கக் கூடாது, உப்பு குழலைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

அடுத்து, அகன்ற பாத்திரத்தில் நீரைச் சுடவைத்து, அதனுள் சிறிய பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால் வெந்நீரின் சூடே போதும். நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். இந்த வேலை நடக்கும் அறையில் கருமருந்து இருக்கவே கூடாது. மெழுகு முழுவதும் உருகியதும் எண்ணெயை ஊற்றிக் கலக்கி, அடுப்பிலிருந்து இறக்குங்கள்.

கலவையில் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஆறியபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் பட்டவுடன் குழைந்து, தோலில் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் எண்ணெயையும், வழிந்தோடினால் மெழுகையும் சிறிது கூட்டுங்கள். குளிர்காலத்துக்கு எண்ணெய் மிகுந்த கலவையும், கோடைக்கு மெழுகு மிகுந்த கலவையும் ஏற்றவை. ஒரே கலவையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வதைவிட இரண்டு டப்பாக்களாகப் பிரித்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

துணி, நெருக்கமாக நெய்த தூய பருத்தியாக இருக்கட்டும். செயற்கை இழை சூட்டில் உருகிவிடும். புதுத் துணியாயின் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய பின்னரே வில்லைகளாக வெட்டி, மசகை இரு பக்கமும் அழுத்தித் தேய்த்து, மிகுந்ததைப் பிழிந்துவிடுங்கள். மசகு சொட்டும் வில்லை மருந்தை நனைத்து வெடிப்பைக் கெடுக்கும்.

சுட்டபின், சுடுதளத்தில் அனுமதி கிடைத்ததும் வெளியே விழுந்த வில்லைகளைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கருத்திருந்தாலும் கிழியாமல் இருந்தால் கலவை சரி. கருகி ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெலிந்தது.